இரண்டு மூட்டை ஆலிவ்

முதல் மழை பெய்து மூன்று நாளாயிற்று. மலைச்சரிவெங்கும் ஈரமண் வாசம், விறகுப்புகை வாசம். வேலியோரத்து மாதுளைகள் வெடித்துச் சிரித்தன. ஆனால் வர்தேயைப் பொறுத்தவரை இலையுதிர் காலம் பிறக்கிற இடம் ஒன்றே ஒன்றுதான்: ஊர்ச் செக்கில், குழாயிலிருந்து வழிகிற பச்சை எண்ணெயில் முதல் ரொட்டித் துண்டைத் தோய்த்து வாயில் போடுகிற அந்த நிமிஷம்.

இந்த வருஷம் அது வாய்க்குமா என்பதே சந்தேகமாக இருந்தது. புருஷன் எலியாஸ் வசந்தத்தில் இறந்துபோனார். ஒற்றை ஆளாக ஏணி ஏறி அவள் பறித்தது இரண்டே மூட்டை. ஐந்து மூட்டையாவது இருந்தால்தான் செக்கில் ஒரு ஈடு ஓடும். குறைந்தால் வேறொருவர் காயோடு கலக்க வேண்டும். எலியாஸ் ஒருநாளும் கலந்தவரில்லை. "அடுத்தவன் தோட்டத்துப் புழுவ நான் ஏன் திங்கணும்?" என்பார்.

அவர் வைராக்கியத்தை இவள் பிடித்துக்கொண்டாள். தன் காயை மட்டும் தனியாக ஆட்டித் தரச் சொல்லி இரண்டு நாளாகச் செக்கு வாசலில் மூட்டைமேல் உட்கார்ந்திருந்தாள்.

"அடைகாத்துப் பாக்குறீங்களா அக்கா? ரெண்டு அஞ்சாகாது," என்றான் செக்குக்காரன் ஷகீப்.

மூன்றாம் நாள் காலை மூட்டைக்குள் கைவிட்டாள். காய் சூடாகியிருந்தது. லேசாகக் காடி வாசம். இனி ஒருநாள் போனாலும் எல்லாம் பாழ்.

அந்நேரம் மேலத்தெரு உம் தன்னூஸ் கழுதைமேல் மூன்று மூட்டையோடு வந்து இறங்கினாள். மகன் தன்னூஸ் கனடா போய்ப் பத்து வருஷமாகியும் ஊர் அவளை 'உம்', அதாவது அம்மா, என்று அவன் பேரோடு சேர்த்துத்தான் கூப்பிடுகிறது.

"என்ன வர்தே, என் புழுவச் சேத்துக்குவியா? உன் வீட்டுக்காரர் மேலேருந்து திட்டுவாரே."

"திட்டட்டும். கொட்டுங்க," என்றாள் வர்தே.

இருவர் காயும் ஒன்றாக அரைபட்டன. குழாயில் எண்ணெய் வந்தது, புல்லை நசுக்கிய வாசத்தோடு. கணப்பில் சுட்ட ரொட்டியை இருவரும் தோய்த்தார்கள். வழுவழுப்பு, கசப்பு, அப்புறம் தொண்டையில் நெருப்பு. வர்தேக்கு இருமல் பொத்துக்கொண்டு வந்தது. முன்பெல்லாம் எலியாஸ்தான் சிரித்துக்கொண்டே முதுகில் தட்டுவார். இன்று உம் தன்னூஸ் தட்டினாள்.

"இந்த எரிச்சல் உன் மரத்தோடது. எங்க எண்ணெய் உன் வீட்டுக்காரர் மாதிரி கடிக்காது."

வர்தே சிரித்துவிட்டாள்.

சாயங்காலம் மறுபடி தூறியது. வீட்டில் அடுப்பின்மேல் ரொட்டியை வாட்டி, எண்ணெய் ஊற்றி, கல்லுப்புத் தூவித் தின்றாள். அதே நெருப்பு. அதே இருமல். அது தானாக அடங்குகிறவரை மார்பில் கைவைத்துக் காத்திருந்தாள்.

பிறகு இன்னொரு துண்டு பிட்டாள்.