ஒலிவாங்கி திறந்திருந்த அரை நிமிடம்

கிருஷ்ணராசா அமெரிக்காவுக்கு ஒரு நாளும் போனதில்லை. ஆனால் ஒஹையோ மாநிலத்தில் எந்த ஊரில் எந்தத் தொழிற்சாலை மூடப்பட்டது, புளோரிடாவில் எந்தப் பக்கத்து முதியவர்கள் எவருக்கு வாக்களிப்பார்கள் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். எட்டு வருடங்களுக்கு முன் மனைவி சுசிலா சுவிஸில் பிரிந்து போனபின், தனியனாக லண்டனுக்கு வந்து, கிழக்குப் பக்கத்தில் பார்க்கிங் என்ற ஊரில் ஒரு அறை எடுத்தவர் அவர். கிட்ட உள்ள குட்மேய்ஸில் பெற்றோல் நிலையக் காசாளர் வேலை. அறைக்குள் ஒரு மனிதக் குரல் கேட்கட்டுமே என்று தொலைக்காட்சியைப் போட்டுவிடுவார். அப்படிப் போட்டது அமெரிக்கச் செய்தியாக இருந்ததில் வந்த அறிவு அது.

அந்த அறிவு 2008இல் அவருக்கு ஒரு நாற்காலி வாங்கிக் கொடுத்தது. தமிழ் வானொலி ஒன்றில் அறிவிப்பாளனாக இருந்த சயந்தன், பெற்றோல் அடிக்க வந்த இடத்தில் இவரோடு பத்து நிமிடம் கதைத்துவிட்டு, "அண்ணை, இதை அப்படியே வந்து ரேடியோவில சொல்லுங்கோவன்" என்றான். ஜூன் மாதத்திலிருந்து ஒவ்வொரு வியாழக்கிழமையும் மாலை ஏழு மணிக்கு நிகழ்ச்சி. அவர் ஆய்வாளர்.

சொல்லுவதில் அவருக்கு ஒரு லாவகம் இருந்தது. எந்தப் பக்கமும் சாயாத வாக்காளர்களுக்கு 'ரண்டுமனக்காரர்' என்று பெயர் வைத்தார். "நாடு முழுக்க வாக்குப் போட்டாலும், முடிவு எடுக்கிறது நாலைஞ்சு மாநிலத்தில இருக்கிற ரண்டுமனக்காரர்தான்" என்பார். செப்டெம்பரில் ஒரு வேட்பாளர், பொருளாதாரத்தின் அடித்தளம் உறுதியாக இருக்கிறது என்று சொன்ன அன்றைக்கே பெரிய வங்கியொன்று விழுந்தபோது, வாய் தவறி வரும் ஒரு வசனம் எப்படி ஒருவரைக் கவிழ்க்கும் என்று ஒரு மணித்தியாலம் விளக்கினார். "முன்னுக்கு என்ன சொன்னவர், பின்னுக்கு என்ன சொன்னவர் எண்டு ஒருத்தரும் பார்க்காயினம். அந்த ஒரு வசனத்தைத்தான் திருப்பித் திருப்பிப் போடுவினம். விளக்கம் சொல்லப் போனா இன்னும் தாழுவார்."

நேயர்கள் கூடிக்கொண்டே போனார்கள். அதில் தவறாமல் வருகிறவர் வெஸ்ட் ஈலிங் கல்யாணி. இலங்கையில், வன்னியில் சண்டை இறுகிக்கொண்டிருந்த காலம். அவருடைய தம்பி தயாபரன் குடும்பத்தோடு இடம்பெயர்ந்து தர்மபுரத்தில் மரங்களுக்குக் கீழே இருப்பதாகக் கடைசியாக வந்த தகவல். கல்யாணி ஒவ்வொரு கிழமையும் கேட்பது ஒரே கேள்விதான்: "அண்ணை, புது ஜனாதிபதி வந்தா இதை நிப்பாட்டுவினமோ?"

கிருஷ்ணராசா அதற்கு ஒரு பதில் வைத்திருந்தார். "மாற்றம் வரலாம், தங்கச்சி. பாப்பம்."

ஒக்டோபர் பதினாறாம் திகதி, வேட்பாளர்களின் கடைசி விவாதம் முடிந்த மறுநாள் நிகழ்ச்சியில், கல்யாணிதான் முதல் அழைப்பு. "மூண்டு விவாதமும் பாத்தனீங்கள்தானே அண்ணை. எங்கட பிரச்சினையைக் கதைச்சவையோ?"

"நேற்று உள்நாட்டு விசயம்தான் கூட, தங்கச்சி. வெளிவிவகாரம் முதலே கதைச்சிட்டினம். ஆர் வந்தாலும் ஒரு மாற்றம் வரத்தான் செய்யும்."

"அப்பிடியெண்டாச் சரி அண்ணை" என்றது குரல்.

சயந்தன் பாட்டைப் போட்டான். கிருஷ்ணராசா காதுக்கருவியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுச் சாய்ந்தார். விவாதம் பார்க்கக் கண்விழித்த களைப்பு. "பாவம், இந்தச் சனம் விசர்மாதிரி நம்பிக்கொண்டிருக்குது, தம்பி" என்றார். "மூண்டு விவாதத்திலயும் ஒருக்காவெண்டாலும் எங்கட பேர் வந்ததோ? ஒஹையோவில இருக்கிற ரண்டுமனக்காரனுக்குத் தன்ர வேலை போயிடுமோ எண்டு பயம். கல்யாணியின்ர தம்பி செத்தா என்ன, இருந்தா என்ன அவனுக்கு?" சொல்லிவிட்டுச் சிரித்தார்.

சயந்தன் பாய்ந்து ஒரு விசையைக் கீழே இழுத்தான். முகம் வெளுத்துப்போயிருந்தது. "அண்ணை, உங்கட மைக் திறந்து கிடந்தது."

பாட்டின் முன்னிசைக்கு மேலாக அரை நிமிடம் முழுவதும் போயிருந்தது. சிரிப்பும்தான். அது கேலிச் சிரிப்பல்ல, இயலாமையில் வந்தது. ஆனால் முகம் தெரியாத இடத்தில் சிரிப்பு சிரிப்பாகத்தான் கேட்கும்.

அன்று அதற்குப் பிறகு கல்யாணி வரவில்லை. வந்த மற்றவர்கள் ஏசினார்கள். வானொலி நடத்துகிற பாலேந்திரா வெள்ளிக்கிழமை காலை தொலைபேசியில் வந்தார். "கிருஷ்ணராசா, கொஞ்ச நாளைக்கு வராம இருங்கோ. சனம் கொதிச்சுப்போய் நிக்குது."

"நான் சொன்னது பொய்யோ?"

"பொய்யெண்டு நான் சொல்லேல்லை. வராம இருங்கோ எண்டுதான் சொல்லுறன்."

இணையத்தளம் ஒன்று அந்தத் துண்டை அவருடைய படத்தோடு போட்டது. 'பாவம்' என்ற சொல்லை வெட்டிவிட்டு, 'இந்தச் சனம் விசர்மாதிரி' என்பதிலிருந்து தொடங்கியிருந்தார்கள்; சனத்தைப் பைத்தியம் என்று ஏசியதுபோல் கேட்டது. குட்மேய்ஸ் மரக்கறிக் கடையில், கண்டால் அரசியல் கதைக்காமல் விடாத கடைக்காரர் மீதிக் காசைக் கையில் தராமல் மேசையில் வைத்தார். தமிழ் ஆட்கள் பெற்றோல் அடித்துவிட்டு, அவர் நின்ற யன்னலை விட்டுப் பக்கத்து யன்னலில் போய் வரிசையில் நின்றார்கள். விளக்கம் சொல்லலாமா என்று யோசித்தார். சொல்லப் போனால் இன்னும் தாழ வேண்டிவரும் என்று அவரே சொன்னவர். அதனால் பேசாமல் இருந்தார். வியாழக்கிழமை ஏழு மணிக்கு, அறையில் பாணும் பருப்பும் சாப்பிட்டுக்கொண்டு, வேறொருவர் ஆய்வு சொல்வதைக் கேட்டார்.

கல்யாணியின் மௌனம்தான் அவரை அரித்தது. ஆளின் முகம் தெரியாது, இலக்கம் கிடையாது. வெள்ளிக்கிழமைகளில் கனகதுர்க்கை அம்மன் கோயிலுக்குப் போவதாக ஒருமுறை நிகழ்ச்சியில் சொன்ன ஞாபகம். லீவு எடுத்துக்கொண்டு, பார்க்கிங்கில் ரயில் ஏறி, லண்டனைக் குறுக்காகக் கடந்து ஈலிங் போய், அங்கிருந்து பஸ் பிடித்தார்.

கோயிலில் நல்ல சனம். இரண்டு பேர் அவரைக் கண்டு தங்களுக்குள் குசுகுசுத்தார்கள். அர்ச்சனைச் சீட்டு விற்கும் இடத்துக்குக் கிட்ட, தூணோடு ஒதுங்கிக் குரல்களைக் கேட்டுக்கொண்டு நின்றார். ஒரு மணித்தியாலம் கழித்து அந்தக் குரல் வந்தது. "தயாபரன். பூரட்டாதி நட்சத்திரம்."

சிறிய உருவம். குளிர்கோட்டுக்குக் கீழே சேலை. கையில் சீட்டோடு திரும்பினார்.

"தங்கச்சி, நான்..."

"குரலிலயே தெரியுது" என்றார் கல்யாணி. கோபமாகச் சொல்லவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

"நான் அப்பிடி நினைச்சுச் சொல்லேல்லை."

"நினைச்சுத்தான் சொன்னனீங்கள் அண்ணை. நீங்கள் சொன்னது எனக்குத் தெரியாததோ? நானும் விவாதம் பாத்தனான்." சீட்டை இரண்டாக மடித்தார். "வீட்டில நானும் ரீவியும்தான். கிழமையில ஒருக்கா, வியாழக்கிழமை, நான் ஒண்டு கேக்க ஒரு மனுசர் மறுமொழி சொல்லுவார். 'பாப்பம் தங்கச்சி' எண்டுவார். அது எனக்குக் காணும். அதுக்கு மேல நான் ஒண்டும் எதிர்பார்க்கேல்லை."

"நீங்கள் சிரிச்சனீங்கள்" என்றார் கல்யாணி. அர்ச்சனைக்கு மணி அடித்தது. அவர் போய் வரிசையில் சேர்ந்துகொண்டார்.

திரும்பி வரும்போது ரயிலில் நல்ல இடம் இருந்தும் உட்காராமல், பார்க்கிங் மட்டும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தார். தன்னைப் போலவே ஒரு ஆள் லண்டனின் மற்ற அந்தத்தில் தொலைக்காட்சியோடு இருந்திருக்கிறார், வியாழக்கிழமைக்காகக் காத்திருந்திருக்கிறார். ஐந்து மாதம் கல்யாணியோடு கதைத்தும் கிருஷ்ணராசாவுக்கு அது தெரியவில்லை. மன்னிப்பு என்ற சொல்லைக்கூடக் கோயிலில் சொல்லாமல் வந்துவிட்டது பார்க்கிங்கை நெருங்கும்போதுதான் உறைத்தது.

தேர்தல் நாளுக்கு அவர் முன்பே லீவு போட்டிருந்தார், வானொலியின் விசேட நிகழ்ச்சிக்காக. லீவு மட்டும் மிஞ்சியது. ஒஹையோ முடிவு வந்தபோது, ஜூனிலேயே தான் சொன்னபடி நடந்ததைச் சொல்ல ஆளில்லாமல் தொலைக்காட்சியைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு வானொலியில் சயந்தன் நேயர்களை அழைத்தான். எல்லோரும் சந்தோசமாக இருந்தார்கள். இனி விடிவுதான் என்றார் ஒருவர். கிருஷ்ணராசா இலக்கத்தை அழுத்தினார். நாலாவது தடவை கிடைத்தது.

"வணக்கம். ஆர், எங்கயிருந்து கதைக்கிறியள்?"

"பார்க்கிங்கில இருந்து கிருஷ்ணராசா."

"சொல்லுங்கோ, அண்ணை."

"தேர்தலைப் பற்றிக் கதைக்க வரேல்லை, தம்பி. அண்டைக்கு நான் சொன்னதை இல்லையெண்டு சொல்ல எனக்கு ஏலாது. ஆனா சிரிச்சிருக்கக் கூடாது. வெஸ்ட் ஈலிங்கில ஒரு தங்கச்சி கேட்டுக்கொண்டிருந்தா, அவவிட்ட மன்னிப்புக் கேக்கிறன். அவவின்ர தம்பி சுகமா இருக்கவேணும். அவ்வளவுதான்."

"நன்றி, அண்ணை. அடுத்த நேயர்."

அவர் வானொலியை நிறுத்தவில்லை. தேநீர் போட்டுக் கட்டிலில் இருந்து கேட்டார். ஹரோவில் இருந்து ஒருவர் வந்தார். ஈஸ்ட் ஹாமில் இருந்து இருவர், ஈலிங்கில் இருந்துகூட ஒரு பெண் வந்தார். குரல் வேறு, கல்யாணியுடையதல்ல. பதினொரு மணிக்கு நிகழ்ச்சி முடிந்து செய்தி தொடங்கியது. அமெரிக்காவுக்குப் பிறகு வன்னி வந்தது, தர்மபுரத்தின் பெயர் வரவில்லை. பின்னேர ஷிப்ட் இரண்டு மணிக்கு. சீருடைச் சட்டையை மினுக்கிப் போட்டுக்கொண்டு, மழைக்கோட்டையும் எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் புறப்பட்டார்.