வாயாடி பேசறேன்

பிரதமருக்கு உரை எழுதிக் கொடுப்பவருக்கு அலுவலகத்தில் பட்டாசு என்று பெயர். அவர் எழுதியதை அந்தம்மா மேடையில் வாசித்தால் கைதட்டல் அடங்க நேரமாகும்.

அன்று காலை அவருக்குக் கை பரபரத்தது. எஞ்சின் நின்றுபோய் எல்லை தாண்டிய இரண்டு மீன்பிடிப் படகுகளை அண்டை நாடு பிடித்து வைத்திருந்தது. ஆட்களை விடச் சொல்லிக் கேட்டதற்கு, அந்த நாட்டு அதிபர் பொதுக்கூட்டத்தில், "அந்தம்மா ஒரு வாயாடி, கத்தட்டும்!" என்று சொல்லிவிட்டார். விடிவதற்குள் இரண்டு பக்கமும் போர்க்கப்பல்கள் கிளம்பிவிட்டன.

பட்டாசு கொண்டுபோன பதில் அறிக்கையில் "கடற்கொள்ளை" இருந்தது, "கோழை" இருந்தது, "பாடம் புகட்டுவோம்" இருந்தது.

பாதுகாப்பு அமைச்சர் மேசையைத் தட்டினார். "சபாஷ்! நாக்கைப் பிடுங்கிக்கற மாதிரி இருக்கு!"

பிரதமர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "நல்லாத்தான் இருக்கு. இதை வாசிச்சா ஆளுங்களை விடுவாரா?"

அமைச்சர் தட்டிய கையை மேசையிலிருந்து எடுத்துக்கொண்டார்.

"விட நினைச்சாலும் முடியாது. பயந்துட்டார்னு அவர் ஊர்லயே சிரிப்பாங்க. போனைப் போடுங்க."

அதிபர் லைனில் விறைப்பாக வந்தார்.

"வணக்கம், வாயாடி பேசறேன்" என்றார் பிரதமர்.

மறுமுனையில் ஒரு செருமல். பின்னாலேயே அடக்கமாட்டாத சிரிப்பு.

"கூட்டத்தைப் பார்த்ததும் வாய் நீண்டுடுச்சும்மா. தப்பா எடுத்துக்காதீங்க."

"மைக்கைப் பிடிச்சா எனக்கும் அதே வியாதிதான். எங்க ஆளுங்க எப்படி இருக்காங்க?"

"நல்லா இருக்காங்க. ஆனா நீங்க கேட்டதும் விட்டா, இங்கே என்னை உண்டு இல்லைன்னு ஆக்கிடுவாங்க."

"நான் கேக்கலை. நன்றி சொல்லப்போறேன்."

போனை வைத்துவிட்டுப் பட்டாசிடம் திரும்பினார். "தத்தளிச்ச படகுகளுக்கு அடைக்கலம் கொடுத்ததுக்கு நன்றின்னு எழுதுங்க."

திட்டுவதென்றால் பட்டாசுக்கு அருவியாகக் கொட்டும். நன்றிக்கு நாலு வரி எழுதுவதற்குள் மதியச் சாப்பாடு ஆறிப்போனது. மனைவிக்குப் போனில் வாசித்துக் காட்டினார்.

"இது நீங்களா எழுதினது?" என்றாள் அவள். "வீட்ல இப்படி ஒரு வரி பேசினதில்லையே!"

அறிக்கை மாலைச் செய்தியில் வந்தது. அடைக்கலம் கொடுத்தவர் என்று பெயர் வாங்கிய பிறகு ஆட்களைப் பூட்டி வைக்க முடியுமா? எஞ்சினைப் பழுதுபார்த்துக் கொடுத்து, படகுகளைப் பெருமையாக அனுப்பிவைத்தார் அதிபர். போர்க்கப்பல்களும் திரும்பின.

கரை இறங்கிய மீனவர் ஒருவரை அவர் மனைவி சட்டையைப் பிடித்து உலுக்கித் திட்டினாள். திட்டிக்கொண்டே அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள். டிவியில் பார்த்துக்கொண்டிருந்த பட்டாசு, யாருக்கும் தெரியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.