மருதாயி கேட்ட நாள்

படிப்பகத்துக் கரும்பலகையில் தினமும் எழுதுவது என் தலையில் விழுந்த வேலை. இன்று பிறந்த எழுத்தாளர், இன்று மறைந்த கவிஞர், அதற்குக் கீழே எழுத ஆசைப்படுபவர்களுக்கு ஊக்கமாக ஒரு வரி. பக்கத்திலிருக்கும் என் டீக்கடையைத் திறப்பதற்குள் முடித்தாக வேண்டும். யார் படிக்கிறார்கள் என்று கேட்காதீர்கள். மழைக்கு ஒதுங்குபவர்கள் படிக்கிறார்கள். தேவாலாவில் மழைக்குப் பஞ்சமில்லை. ஆனால் இதைப் படித்து ஒருவரும் எழுத்தாளராகவில்லை. எனக்கு அலுத்துவிட்டது.

அப்படி ஒரு நாள் சாயங்காலம் மருதாயி வந்து நின்றாள். சிலோனிலிருந்து போன வருஷம் அனுப்பப்பட்டு, இங்கே எஸ்டேட்டில் கொழுந்து பறிப்பவள். புருஷன் பெயரை மட்டும் எழுத்துக்கூட்டிப் படிப்பாள்.

"பாய், எங்க வீட்டுக்காரரு பேரையும் இந்தப் பலகையில எழுதணும்."

இறந்துபோன புருஷன் செல்லையா பாட்டுக் கட்டியவராம்.

"அச்சுல வந்திருக்காம்மா?"

"அச்சுல எங்க வந்துச்சு? சிலோன் தோட்டத்துல, லயத்து வீடுகள்ல எல்லாரும் பாடுனாங்க. இங்க வந்தவங்க இப்பவும் மலையில பாடுறாங்க. யாரு கட்டுனதுன்னு ஒருத்தருக்கும் தெரியல. எம் புள்ளைக்கே தெரியல பாய்."

எனக்குச் சுருக்கென்றது. அந்தப் பாட்டுகளைக் கிளாஸ் கழுவும்போது நானே முணுமுணுத்திருக்கிறேன்.

"எழுதிடலாம்மா. அவரு பொறந்தது என்னைக்கு?"

"தெரியாதுங்க."

"தவறுனது?"

"கப்பல்ல வந்து எறங்குனதும் முகாமுல அவருக்குக் காச்சல். எனக்கும் காச்சல். நான் கண்ணு முழிச்சப்பப் பொதைச்சுட்டாங்க. நாளு கெழமை கேக்கத் தோணல."

பலகைக்குத் தேதி வேண்டும். நான் பார்த்து எழுதும் புத்தகத்தை எடுத்துப் புரட்டினேன். எழுத்தாளர் யாரும் பிறக்காத, சாகாத நாட்கள் அதில் எத்தனையோ இருந்தன. அந்த நாட்களில் ஏதாவது பொன்மொழி போட்டு ஒப்பேற்றுவேன்.

"ஆளில்லாத நாள் நெறையக் கெடக்கும்மா. நீங்க ஒண்ணு சொல்லுங்க. அதையே அவரு நாளா வச்சுக்கலாம்."

கல்யாண நாளைச் சொல்வாள் என்று நினைத்தேன். அவள் கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து யோசித்தாள். தூங்கிவிட்டாளோ என்றுகூடத் தோன்றியது.

"ஞாயித்துக்கெழமையாப் பாத்துப் போடுங்க பாய். எம் புள்ளையக் கூட்டிட்டு வந்து நாள் முழுக்க எதுக்க உக்காந்து பாக்கணும். மத்த நாள்னா எனக்கு லீவு தரமாட்டாங்க."