ஒன்பது குப்பிகள்

ஒன்பது பேருக்கும் சர்க்கரை என்று மேலாளர் படித்து முடித்தபோது, ஓய்வறையில் இருந்த ஓட்டுநர்கள் யார் முகத்தையும் பார்க்காமல் தரையைப் பார்த்தார்கள். ஒன்பது குப்பிகளிலும் இருந்தது ஒரே ஆளின் சிறுநீர்.

அந்தப் பேருந்துப் பணிமனையில் வருடத்துக்கு ஒரு சோதனை. சர்க்கரை என்று வந்தால் ஸ்டியரிங்கை விட்டு இறக்கி வண்டி கழுவ அனுப்பிவிடுவார்கள். அதனால் உடம்பில் ஒரு குறையும் இல்லாத மெக்கானிக்கிடம் குப்பியை நீட்டுவது வழக்கமாகிவிட்டது. சொக்கத்தங்கம் என்று அவனுக்குப் பெயரே வைத்திருந்தார்கள். அவனும் காலையிலேயே வயிறு முட்டத் தண்ணீர் குடித்துவிட்டு, இல்லையென்று சொல்லாத வள்ளலாக நிற்பான்.

அந்த ஒன்பது பேரில் ஒரே பெண், எல்லோருக்கும் அக்கா. பதினாறு வருடமாகப் பேருந்து ஓட்டுகிறவள். ஊரே கதவைச் சாத்திக்கொண்டிருந்த நாட்களில் மருத்துவமனை ஊழியர்களை ஏற்றி இறக்கியவள். தொற்று அங்கேயே ஒட்டிக்கொண்டது. இரண்டு வாரத்தில் எழுந்துவிட்டாள். மூன்றாவது மாதம், ஒரு மாடி ஏறினால் நெஞ்சு குதிரையாய் ஓடியது. நாக்கு வறண்டது. டாக்டர் சுற்றி வளைக்காமல் சொன்னார்: "கிருமி நுரையீரலோட நிக்கலம்மா. இதயத்தையும் தொட்டிருக்கு. சிலருக்கு அதுக்கப்புறம் சர்க்கரையும் வருது. அதனாலதான்னு அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா நிறையப் பேருக்குப் பாத்துட்டேன்." அன்றிலிருந்து காலையில் இரண்டு மாத்திரை, யாருக்கும் தெரியாமல். எல்லாம் கட்டுக்குள்தான் இருந்தது. ஆனாலும் பயம். தன்னுடையதையே கொடுத்திருந்தால் ஒருவேளை சோதனையில் தேறியிருப்பாள்.

"ஒன்பது பேருக்கும் ஒரே அளவு. சோதனைப் பட்டையில கோளாறா இருக்கும். நாளைக்கு மறுபடி குடுங்க" என்று மேலாளர் போய்விட்டார். ஓட்டுநர்களுக்கு உயிர் வந்தது. அடுத்த தங்கம் யார் என்று கிசுகிசுக்கத் தொடங்கினார்கள். அக்கா மட்டும் மெக்கானிக்கையே பார்த்தாள். அவன் பெல்ட்டில் ஆணியால் போட்ட புது ஓட்டை தெரிந்தது.

"உனக்குக் கிருமி வந்துச்சாடா?"

"மூணு நாள் இருமல்க்கா. அதெல்லாம் ஒரு நோயா?"

"இப்ப ராத்திரி எத்தனை தடவை எந்திரிக்கிற?"

அவன் சிரிப்பு நின்றது. "அஞ்சாறு தடவை."

"நீ தங்கமில்லடா. வெல்லம்."

அவள் எழுந்ததும் பக்கத்தில் இருந்த ஓட்டுநர் கையைப் பிடித்தார். "அக்கா, நுணலும் தன் வாயால் கெடும்பாங்க. உன் சீட்டு போயிடும்."

"என் குப்பியப் பத்தி மட்டுந்தான் பேசப்போறேன். உங்க பேரு வராது. இவன் இப்படியே விழுந்து செத்தா, பட்டையில கோளாறுன்னு சொல்வியா?"

மெக்கானிக்கை இழுத்துக்கொண்டு மேலாளர் அறைக்குள் நுழைந்தாள். சோதனைக்கு வந்திருந்த நர்ஸ் பையை மூடிக்கொண்டிருந்தாள்.

"நான் குடுத்தது என்னோடது இல்ல சார். இவனோடது. இவனுக்கு இப்பவே ரத்தம் பாருங்க. அப்புறம் எனக்கு. எனக்கு ரெண்டு வருஷமா சர்க்கரை இருக்கு, நெஞ்சுக்கும் மாத்திரை சாப்பிடுறேன்."

மேலாளர் மேசை இழுப்பறையைத் திறந்தார். பிறகு ஒரு படிவத்தை நகர்த்தினார். நோய்க்குக் காரணம் என்ற கட்டத்தில் 'சொந்தப் பழக்கவழக்கம்' என்று ஏற்கெனவே அச்சாகியிருந்தது. "கையெழுத்துப் போட்டுட்டு வண்டி கழுவுற பக்கம் போங்கம்மா. ஏமாத்தினதுக்கு இதோட விடுறேன்."

அவள் பேனாவை எடுத்து அச்செழுத்தின் மேல் ஒரு கோடு இழுத்தாள். கீழே எழுதினாள்: தொற்றுக்குப் பிறகு வந்தது. தொற்று, பணியில் வந்தது.

"இப்படியெல்லாம் எழுதக்கூடாது."

"ஏமாத்துனேன், அதுக்குத் தண்டனை குடுங்க, வாங்கிக்கறேன். ஆனா வாயைக் கட்டாம தின்னு வந்த நோய்னு நான் கையெழுத்துப் போட மாட்டேன். அன்னைக்கு வண்டி எடுன்னு சொன்னது என் வாயில்ல சார். ஓட்ட முடியாதுன்னு டாக்டர் சொல்லட்டும், இறங்கிடறேன். இந்தத் தாள் சொல்லி இறங்க மாட்டேன்."

மேலாளர் தாளைக் கையில் எடுத்தார். கிழிக்கவும் இல்லை, கோப்பில் வைக்கவும் இல்லை.

நர்ஸ் பையை மறுபடி திறந்தாள். மெக்கானிக் நாற்காலி நுனியில் உட்கார்ந்து கையை நீட்டினான். கிரீஸ் படிந்த விரலை நர்ஸ் பஞ்சால் துடைத்தாள், பஞ்சு கறுத்தது. இன்னொன்று எடுத்தாள், அதுவும் கறுத்தது. அக்கா அவன் பக்கத்தில் உட்கார்ந்து தன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டாள். ஓய்வறைப் பக்கமிருந்து வாசலுக்கு வரும் செருப்புச் சத்தம் கேட்டது. யார் என்று அவள் திரும்பவில்லை. நான்காவது பஞ்சோடு நர்ஸ் போதும் என்று ஊசியைக் குத்தினாள். அந்தக் கறுத்த விரல்நுனியில் ஒரு துளி சிவப்பு மெல்லப் பெருத்துக்கொண்டிருந்தது.