மணற்கல் பாதையில் ஆரத்தி

கிள்ளானில் என் ஓரகத்தி புனிதா, வீட்டு முன்னால் மணற்கல் பாதை போட்ட நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. கேட்டிலிருந்து வாசற்படி வரைக்கும் சந்தன நிறத்தில் கல்; இரண்டு பக்கமும் புல். சாலாக் செலாத்தானில் என் வீட்டு முன்னால் விரிசல் விட்ட சிமெண்டுதான். மழை பெய்தால் பாசி பிடிக்கும். மாதம் இரண்டு முறை குனிந்து தேய்ப்பவள் நான். "வழுக்காம இருந்தா போதாதா?" என்பார் என் வீட்டுக்காரர். அவர் தம்பி வாசுவோ, பெண்டாட்டி கை காட்டிய கல்லைக் கொண்டுவந்து இறக்குகிறார். கொடுத்து வைத்தவள்.

இதில் இன்னொரு எரிச்சல், அந்தக் கல்லை முதலில் பார்த்தவளே நான்தான். ஸ்ரீ கெம்பாங்கான் கடைக்கு அவளுக்குத் துணையாகப் போயிருந்தேன். "இது நல்லாருக்கே" என்று தடவிப் பார்த்தது என் கை. வாங்கியது அவள்.

கல் பதித்து முடித்த வெள்ளிக்கிழமையே அவள் மகள் வைஷ்ணவி ஆஸ்பத்திரியிலிருந்து பிள்ளையோடு வீட்டுக்கு வருவதாக இருந்தது. சமையலுக்கு உதவ நான் காலையிலேயே போய்விட்டேன். கல் பதித்த சின்னையா சாமான்களை லோரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்.

"அக்கா, அவங்க உள்ள போன்ல இருக்காங்க. நீங்க சொல்லிருங்க. கல்லு இன்னும் நல்லா காயல. நாளைக்கு வந்துதான் கறை இறங்காம மேல சீலர் பூச்சு அடிப்பேன். அதுவரைக்கும் மஞ்சள், எண்ணெய், கோப்பி எதுவும் படக்கூடாது. இந்தக் கல்லு குடிச்சிரும். அப்புறம் எதப் போட்டுத் தேச்சாலும் போகாது."

"சொல்லிடறேன் லா," என்றேன்.

சொல்லவில்லை. மறந்துவிட்டேன் என்று பொய் சொல்ல மாட்டேன். வாய்வரை வந்ததை விழுங்கினேன்.

மத்தியானம் கார் வந்தது. "மூத்தவங்க நீங்கதான் எடுக்கணும் அக்கா," என்று புனிதா ஆரத்தித் தட்டை என் கையில் கொடுத்தாள். மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்த நீர் செக்கச் செவேலென்று இருந்தது. பிள்ளைக்குக் கண்ணேறு கழிய மூன்று சுற்று சுற்றினேன். அந்த வீட்டிலேயே பொல்லாத கண் என்னுடையது என்று அவளுக்கு யார் சொல்வது?

எல்லாரும் உள்ளே போனார்கள். ஆரத்தி நீரைக் கேட்டுக்கு வெளியே, ரோட்டில் ஊற்றுவதுதான் எங்கள் வழக்கம். ஐந்தடி நடந்தால் போதும். நான் நின்ற இடத்திலேயே, பாதையின் நடுவில் கவிழ்த்தேன். கல் மடக்மடக்கென்று குடித்தது. உண்மையைச் சொல்கிறேன், என் வயிறு குளிர்ந்தது.

மறுநாளும் போனேன், பேரனைப் பார்க்கிற சாக்கில். சீலர் வாளியோடு வந்த சின்னையா கறையைப் பார்த்துத் தலையில் கை வைத்தார்.

"நேத்தே அக்காகிட்ட சொன்னேனே!"

புனிதா என்னைப் பார்த்தாள். நான் சீலர் வாளியைப் பார்த்தேன்.

"அக்கா மறந்திருப்பாங்க அண்ணே. பேரன் வந்த சந்தோஷம் லா," என்றாள் அவள்.

"ரெண்டு கல்லுதான். பேத்துட்டு வேற போட்டுரட்டுமா?"

"வேணாம். அது மேலயே சீலர் அடிச்சிருங்க. எம் பேரனுக்கு அவன் பெரிய பாட்டி எடுத்த ஆரத்தி. அப்படியே இருக்கட்டும்."

அடித்துவிட்டார். இனி எந்த மழைக்கும் அது போகாது.

யார் வந்தாலும் புனிதா அந்தச் சிவப்பைத்தான் முதலில் காட்டுகிறாள். "எங்க அக்கா கை," என்கிறாள். வருகிறவர்களும் அழகாக இருக்கிறது என்கிறார்கள். நான் மட்டும் அந்த இரண்டு கல்லை மிதிக்காமல், புல்லில் இறங்கிச் சுற்றிக்கொண்டு போகிறேன். வயிற்றெரிச்சல் இன்னும் அடங்கவில்லை. முன்பு அவள் கல்லைப் பார்த்து எரிந்தது, இப்போது அவள் மனசைப் பார்த்து எரிகிறது. கல்லையாவது கடையில் போய் வாங்கிவிடலாம்.