உபைதுல்லா வாங்கிய பதினோரு முகங்கள்

ஃபாஜில் சுவரில் தொங்கிய நான்காவது படத்தின் மீது சுத்தியலை இறக்கியபோது நஜ்மா ஓடிவந்து தம்பியின் கையைப் பிடித்தாள். கூடத்தில் அவர்களுடைய வாப்பா உபைதுல்லாவின் மையத்து, வெள்ளைக் கபன் துணி சுற்றி, அடக்கத்துக்குக் காத்துக் கிடந்தது. ஓதிக்கொண்டிருந்த பெண்கள் நிறுத்திவிட்டார்கள்.

"விடு லாத்தா. யூதன் வரைஞ்ச படத்துக்குக் கீழ வாப்பாவைக் கிடத்திருக்கீங்க. ஊரே பேசுது."

அவன் உதறிய வேகத்தில் அவள் கண்ணாடிச் சில்லுகள் மேல் விழுந்தாள். உள்ளங்கை கிழிந்தது. எழுந்தவள், உடைந்த சட்டத்தை எடுத்து அவன் தோளில் ஓங்கி அடித்தாள். வாப்பாவின் தம்பி ஜெக்கரியா சாச்சா இடையில் புகுந்தார். அவர் நெஞ்சிலும் ஓர் இடி விழுந்தது.

உபைதுல்லா பாரிஸில் படங்களுக்குச் சட்டம் போடும் கடையில் இருபது வருடம் வேலை பார்த்தவர். சுனாமியில் மனைவி போனபோதும் அங்கேதான் இருந்தார். எட்டாம் நாள் நாகப்பட்டினம் வந்து சேர்ந்தபோது அவளை மற்றவர்களோடு சேர்த்து அடக்கியிருந்தார்கள். வீட்டிலிருந்த புகைப்படங்களையும் கடல் கொண்டுபோயிருந்தது. பாரிஸுக்குத் திரும்பிப் போனபிறகுதான் இந்தப் படங்களை வாங்கத் தொடங்கினார். கல்லில் வரைந்து அச்செடுத்த லித்தோகிராஃப்கள். எல்லாம் ஒரே ஓவியர் வரைந்தவை. எல்லாவற்றிலும் ஒரு பெண். ஓய்வு நாளிலும் உழைத்து வருடத்துக்கு ஒன்றாகச் சேர்த்து, ஊருக்குக் கொண்டுவந்து மாட்டினார். ஏன் என்று நஜ்மாவிடம் மட்டும் ஒருமுறை சொல்லியிருந்தார்.

சாச்சாவின் பிடியில் ஃபாஜில் திமிறினான். அலை வந்த அன்று அவனுக்கு ஐந்து வயது.

"உம்மா படம் ஒண்ணுகூட இந்த வீட்ல இல்ல. எனக்கு உம்மா மூஞ்சியே ஞாபகமில்ல. எவனோ வரைஞ்ச பொம்பளை மட்டும் பதினோரு தடவ தொங்கணுமா?"

"அது அவனைப் பெத்தவடா," என்றாள் நஜ்மா. "யுத்தத்துல நாஜி முகாம்ல வச்சுக் கொன்னுட்டாங்க. அவங்கிட்டயும் போட்டோ இல்ல. ஞாபகத்துலேருந்து வரைஞ்சு வரைஞ்சு பாத்துருக்கான். ஒண்ணு மாதிரி ஒண்ணு இல்ல, பாரு."

ஃபாஜில் பார்க்கவில்லை. சாச்சாவைத் தள்ளிவிட்டு ஐந்தாவதையும் அடித்தான். கண்ணாடியோடு தாளும் கிழிந்து, அந்த முகம் கன்னத்தில் பிளந்தது. ஆறாவதன் முன் போய் நின்று, இம்முறை அந்த முகத்தைப் பார்த்தான். ஓங்கிய கை இறங்கவில்லை. சாச்சா சுத்தியலை வாங்கிக்கொண்டார்.

அஸர் தொழுகைக்கு நேரமானது. மையத்தை வைத்த சந்தூக்கைத் தூக்கினார்கள். முன்பக்கத்தைத் தோளில் வாங்கிய ஃபாஜில், வெறுங்காலோடு சில்லுகள் மேலேயே நடந்துபோனான். வாசல்வரை சிவப்புச் சுவடுகள்.

சாச்சாவின் மனைவி பர்வின் சுவடுகளைத் துடைக்க வாளியும் துணியும் கொண்டுவந்தார். நஜ்மா வேண்டாமென்று தலையசைத்தாள். கையில் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு, சுவடுகளை மிதிக்காமல், கண்ணாடியைப் பொறுக்க உட்கார்ந்தாள்.