நோன்பு மாதத்துப் பகல் சோறு

போன வருட ரமலானில் ருக்சார் முப்பது நோன்பையும் ஒன்று விடாமல் பிடித்தாள். அதை அவள் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. சொல்கிற பொறுப்பை அவள் அம்மா உம்மு சல்மா எடுத்துக்கொண்டாள்.

டன்லப் ஸ்ட்ரீட்டில் உம்மு சல்மாவும் கணவர் நசீரும் நடத்துகிற துணிக்கடைக்குப் பெருநாள் துணி எடுக்க வந்தவர்கள் யாரும் அந்தச் செய்தியைக் கேட்காமல் வெளியே போக முடியவில்லை. பாஜு குரோங் என்கிற மலாய் உடுப்பை மடித்துப் பையில் வைக்கும்போதே, "எம்மவ இந்த வருஷம் முப்பதும் பிடிச்சுட்டா" என்று ஆரம்பித்துவிடுவாள். ஸ்கார்ஃப் மட்டும் வாங்க வந்தவளுக்குக்கூட விலக்கு இல்லை.

ஒரு பெண்ணுக்கு முப்பதும் கிடைப்பது லேசில்லை. மாதவிலக்கு நாட்களில் தொழுகையும் கிடையாது, நோன்பும் கிடையாது. விட்டுப்போன நோன்பை அடுத்த ரமலானுக்குள் பிடித்துக் கணக்கைத் தீர்க்க வேண்டும். சிலர் மாத்திரை போட்டு அந்த நாட்களைத் தள்ளிப்போடுவதுண்டு. மகளும் அப்படித்தான் ஏதோ செய்திருக்கிறாள் என்று உம்மு சல்மா தானாகவே முடிவு கட்டிக்கொண்டாள். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பெருமைப்படுகிற அவசரத்தில் அதற்கெல்லாம் ஏது நேரம்?

பெருநாள் கழிந்த பிறகும் ருக்சார் விடவில்லை. அடுத்த மாதத்து உபரி ஆறு நோன்பு, அப்புறம் வாராவாரம் திங்களும் வியாழனும். நசீரின் அக்கா மைமூன், அதாவது உம்மு சல்மாவின் மைனி, தன் இரண்டு மகள்களையும் உட்கார வைத்து ருக்சாரைப் பார்த்துத் திருந்தச் சொன்னாள். பத்தொன்பது வயதில், பாலிடெக்னிக்கில் படிக்கிற பெண்ணுக்கு இவ்வளவு பக்தியா என்று எல்லோரும் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். அவள் இளைத்துக்கொண்டே போனதும் எல்லோர் கண்ணிலும் பட்டது. "ஸ்லிம்மா அழகா ஆயிட்டா லா" என்றார்கள்.

அந்த அழகான பெண் ஒரு நாள் ஜூரோங் ஈஸ்ட் எம்ஆர்டி ரயில் பிளாட்ஃபாரத்தில் மயங்கி விழுந்தாள்.

ஆஸ்பத்திரியில், கடைசியாக மாதவிலக்கு எப்போது வந்தது என்று டாக்டர் கேட்டார். ருக்சார் தரையைப் பார்த்தபடி, "ஒரு வருஷத்துக்கு மேல இருக்கும்" என்றாள். மாத்திரையும் இல்லை, ஒன்றும் இல்லை. சாப்பாடு இல்லாமல் அவள் உடம்பு அந்த வேலையையே நிறுத்திவிட்டிருந்தது. உம்மு சல்மாவின் முகத்தில் ஈயாடவில்லை. ஊரெல்லாம் சொல்லித் திரிந்தது மகளின் நோன்பை அல்ல, மகளின் நோயை என்பது அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோதுதான் அவளுக்கு உறைத்தது.

நோய்க்கு அனோரெக்சியா என்று பெயர் சொன்னார்கள். பிடிவாதம் இல்லை, ஃபேஷன் இல்லை, சோற்றைக் கண்டால் வருகிற பயம் என்றார்கள். உம்மு சல்மாவுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். பிரியாணி போட்டாள். கறி வறுத்தாள். பிள்ளைக்குப் பிடித்த இடியாப்பத்தைப் பிழிந்து அடுக்கினாள். பிறகு அழுதாள், "என் மேல சத்தியமா ஒரு வாய் சாப்பிடு" என்று கெஞ்சினாள், கடைசியில் தட்டைத் தட்டிவிட்டுக் கத்தினாள். ருக்சார் கண்ணை மூடிக்கொண்டு நாற்காலியில் அசையாமல் இருந்தாள். அவள் அம்மாவுக்குப் பயப்பட்டதைவிடத் தட்டுக்குத்தான் அதிகம் பயந்தாள்.

குடும்பத்தோடு உட்கார்ந்து பேசும் ஆலோசகர் தாரகா சின்ன வயதுக்காரி. யாழ்ப்பாணத்துக் குடும்பம், அளந்துதான் பேசுவாள்.

"அக்கா, நோய் வேற, ருக்சார் வேற. நீங்க கத்துறது நோயைப் பாத்து. ஆனா காதில விழுறது ருக்சாருக்கு" என்றாள். தட்டில் என்ன போட வேண்டும் என்பதை ஆஸ்பத்திரி சொல்லும், பெற்றவர்கள் போட வேண்டும், அவள் சாப்பிட்டு முடிக்கிறவரை பக்கத்தில் இருக்க வேண்டும். சாப்பாட்டு நேரத்தில் சாப்பாட்டைப் பற்றிப் பேசக் கூடாது. உடம்பைப் பற்றி எப்போதுமே பேசக் கூடாது, நல்லதாகக்கூட.

அந்தக் கடைசி விஷயத்தை உம்மு சல்மா பட்டுத்தான் தெரிந்துகொண்டாள். ஒரு காலையில் சந்தோஷம் தாங்காமல், "முகம் நல்லா தெளிஞ்சிருக்கும்மா" என்று சொல்லிவிட்டாள். குண்டாகிவிட்டாய் என்றுதான் ருக்சாரின் காதில் அது விழுந்தது. அடுத்த வேளையும் அதற்கடுத்த வேளையும் தட்டு அப்படியே திரும்பியது. அன்றிலிருந்து உம்மு சல்மா நாக்கைக் கடித்துக்கொள்ளப் பழகினாள். அவளுக்கு அது சின்ன வேலை இல்லை.

புக்கிட் பாத்தோக்கில் இருந்த அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பேச்சுக்கு நசீர் பொறுப்பேற்றார். கடையில் பார்த்த கூத்தையெல்லாம் அவிழ்த்துவிடுவார். கணவனின் சட்டைக்கும் பூனையின் கழுத்துப் பட்டைக்கும் ஒரே துணி கேட்டு வந்த பெண்ணின் கதையை மூன்று விதமாகச் சொன்னார். ருக்சார் சிரிக்காத நாளிலும் கரண்டி மட்டும் மெல்ல வாய்க்குப் போய் வந்தது. சில நாள் அழுதுகொண்டே சாப்பிட்டாள். ஆனாலும் சாப்பிட்டாள்.

இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி வந்த நேரத்தில் ரமலான் வந்தது.

இந்த வருடம் ஒரு நோன்புகூட வேண்டாம் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இந்த மாதத்தில் எடை இறங்கினால் வார்டில் சேர்க்க வேண்டியதுதான் என்றும் சொன்னார். நசீர் பள்ளிவாசல் ஆலிமிடம் போய்க் கேட்டார். நோயாளிக்கு மார்க்கத்திலேயே விலக்கு உண்டு, உன் மகளுக்கு இப்போது சாப்பிடுவதுதான் கடமை என்று அவரும் தெளிவாகச் சொல்லி அனுப்பினார். ருக்சார் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். தலைப்பிறை தெரிந்த அன்றைக்கு அம்மாவின் மடியில் படுத்துக்கொண்டு அழுதாள்.

"எல்லாரும் பசியோட இருக்கும்போது நான் மட்டும் எப்படிம்மா சாப்பிடறது? அசிங்கமா இருக்கு."

கேட்பது மகளின் இறைநம்பிக்கையா, நோயா என்று உம்மு சல்மாவுக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. இரண்டும் ஒரே குரலில்தான் பேசின.

பாலிடெக்னிக் விடுமுறை என்பதால் மகளைத் தினமும் கடைக்குக் கூட்டி வந்தாள். கடை நிற்கக்கூட இடமில்லாமல் நிறைந்திருக்கும் மாதம் அது. பகலில் ஒரு முஸ்லிம் பெண் எல்லோர் முன்னாலும் சோற்று டப்பாவைத் திறந்தால் கடைக்கு வந்தவர்கள் என்ன நினைப்பார்கள்? அதனால் உம்மு சல்மா ஒரு யோசனை செய்தாள். துணி போட்டுப் பார்க்கிற சின்ன அறைக்குள் ஸ்டூலைப் போட்டு, திரையை இழுத்துவிட்டு, அங்கே உட்கார வைத்தாள். தான் நோன்போடு திரைக்கு வெளியே நின்று, வாடிக்கையாளருக்குத் துணி காட்டிக்கொண்டே காவல் காத்தாள். நல்ல ஏற்பாடு என்றுதான் நினைத்தாள்.

காலி டப்பாதான் திரும்பி வந்தது. ஆனால் ஒரு மாலை, கலைந்து கிடந்த துணிகளை மடிக்கும்போது நீல நிற பாஜு குரோங்கின் பக்கப் பையில் ஏதோ தட்டுப்பட்டது. டிஷ்யூவில் சுற்றிய பாதி முட்டை. அடுத்த உடுப்பில் மீன் துண்டு. உம்மு சல்மா அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கோபம் தலைக்கு ஏறியது. கூடவே, திரையை இழுத்துவிட்டது நாம்தானே என்பதும் தோன்றியது. ஒளிந்து சாப்பிடச் சொன்னால் சாப்பாடு குற்றம் என்றுதானே ஆகிறது. மறுநாள் திரைக்குள் தானும் போய் உட்கார்ந்துகொள்வது என்று முடிவு செய்தாள். அதற்குமேல் அவளுக்கு எதுவும் தோன்றவில்லை.

மறுநாள் மதியம் லுஹர் தொழுகைக்கு நசீர் பள்ளிவாசலுக்குப் போயிருந்தார். வேலைக்கு நிற்கிற பெண் கல்லாவைப் பார்த்துக்கொண்டாள். அம்மாவும் மகளும் அந்தக் குறுகலான அறைக்குள் முட்டி இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். ருக்சாரின் மடியில் டப்பா திறந்திருந்தது. சோறு, குழம்பாக மீன் ஆணம், முழு முட்டை. இரண்டு வாய் உள்ளே போயிருக்கும். திரை சரேலென்று விலகியது.

கையில் பச்சை பாஜு குரோங்கோடு மைமூன் நின்றாள்.

ருக்சார் டப்பாவை மூடினாள். மைமூன் ஒரு கணம் விழித்தாள், பிறகு முகம் இளகி, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"என்னம்மா, தொழுகை இல்லாத நாளா? அதுக்கு ஏன் இப்படி முழிக்கிறே? எல்லாருக்கும் வர்றதுதானே."

உம்மு சல்மாவுக்கு மூச்சு வந்தது. எவ்வளவு சுலபமான வழி. ஒரு தலையாட்டல் போதும். பெண்களுக்குள் யாரும் அதைக் கிளற மாட்டார்கள், இந்த வாரம் முழுக்க நிம்மதி. அடுத்த வாரத்துக்கு வேறு ஏதாவது பார்த்துக்கொள்ளலாம். தலை பாதி அசையவும் செய்தது. அப்போது மகளின் முகத்தைப் பார்த்தாள். ஒரு வருடத்துக்கும் மேலாக வராத ஒன்றைச் சொல்லித்தான் இந்த ஒரு டப்பா சோற்றுக்கு அவள் அனுமதி வாங்க வேண்டுமா?

"உள்ளதைச் சொல்லட்டுமாம்மா?" என்று மகளிடம் கேட்டாள். "நீ வேணாம்னா சொல்லல."

ருக்சார் டப்பாவின் மூடியை விரலால் ஒரு சுற்று தடவினாள். வெளியே யாரோ தள்ளுபடி கேட்டு வேலைக்காரப் பெண்ணோடு மல்லுக்கு நின்றார்கள்.

"சொல்லுங்க" என்றாள்.

"மைனி, அவளுக்கு அந்த நாளே வர்றதில்லை. சாப்பிடாம உடம்பு அப்படி ஆயிப்போச்சு. அது ஒரு நோய், ஆஸ்பத்திரிக்குப் போய்க்கிட்டிருக்கோம். போன வருஷம் முப்பதும் பிடிச்சான்னு உங்ககிட்ட எத்தனை தடவை சொன்னேன். அப்பவே அவளுக்கு உடம்பு சரியில்லை. பெத்தவ எனக்குத் தெரியல. இந்த நோன்பு முழுக்க அவ பகல்ல சாப்பிடுவா. அதுதான் மருந்து."

மைமூன் கையிலிருந்த துணியை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தாள்.

"சாப்பிடாம இருக்கிறது ஒரு நோயா? நல்லா ரெண்டு வேளை தின்னா எல்லாம் சரியா..." என்று தொடங்கினாள்.

"மைனி." உம்மு சல்மா அவள் கையைப் பிடித்தாள். "நானும் அப்படித்தான் நெனச்சேன். அது இல்ல. சாப்பாட்டைப் பத்தி மட்டும் இங்க பேச வேணாம். வேற எது வேணும்னாலும் பேசுங்க."

வேறு எது வேண்டுமானாலும் பேசு என்று மைமூனிடம் யாரும் அதுவரை சொன்னதில்லை. பேச்சை நிறுத்தச் சொன்னவர்கள்தான் அதிகம். அவள் அறை வாசலில் தரையிலேயே உட்கார்ந்து, தன் மருமகனைப் பற்றி ஆரம்பித்தாள். புது சோஃபா வாங்கினானாம். அளந்து பார்க்காமல் வாங்கினானாம். அது லிஃப்டுக்குள் நுழையவில்லையாம், மாடிப்படியில் பாதியில் சிக்கிக்கொண்டதாம், அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்களெல்லாம் சோஃபாவின் மேல் ஏறி இறங்கி வேலைக்குப் போனார்களாம்.

"கடைசில என்ன செஞ்சாங்க மாமி?" என்று ருக்சார் கேட்டாள்.

"என்ன செய்யறது? நாலாவது மாடிச் சீனப் பாட்டி ஒருத்தவங்க அதுலயே உக்காந்து பேப்பர் படிக்க ஆரம்பிச்சுட்டாங்க லா."

ருக்சார் சிரித்தாள். பிறகு டப்பாவின் மூடியைத் திறந்தாள். திரை விலகியேதான் இருந்தது. ஸ்கார்ஃப் பார்க்க வந்த ஒரு மலாய்ப் பெண் ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டு, தன் வேலையைப் பார்த்தாள். வானமும் இடிந்து விழவில்லை. மைமூன் கதையை சோஃபாவிலிருந்து மருமகனின் காருக்கு நகர்த்தி, காரிலிருந்து சம்பந்தி வீட்டுக்குக் கொண்டுபோனபோது டப்பாவில் முட்டை இல்லை, மீன் இல்லை, ஓரத்தில் கொஞ்சம் சோறுதான் மீதி. உம்மு சல்மாவுக்கு வாய் துறுதுறுத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

மறுநாள் ஸ்டூல் கல்லாவுக்குப் பக்கத்தில் வந்தது. மைமூன் அந்த மாதத்தில் பாதி நாள் ஏதாவது சாக்கு வைத்துக்கொண்டு மதியத்தில் கடைக்கு வந்தாள். பச்சை பாஜு குரோங்கை நான்கு முறை மாற்றினாள். ஒரு நாள் பழக்கதோஷத்தில், "எலும்பு தெரியுதே புள்ளை" என்று சொல்லிவிட்டு, தன் வாயில் தானே அடித்துக்கொண்டாள். அன்று சோறு பாதி திரும்பியது. எல்லா நாளும் நல்ல நாளாக அமைந்துவிடவில்லை. ஆனாலும் பெருநாளுக்கு முன் டாக்டர் எடை பார்த்தபோது அது இறங்கவில்லை, சற்று ஏறியிருந்தது. வார்டு பேச்சு எழவில்லை.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு இன்னும் சில நாட்கள் இருக்கும். புக்கிட் பாத்தோக் வீட்டில் பொழுது சாய்ந்து மஃரிபு தொழுகை நேரம். தொழுகை நடத்த நசீர் முன்னால் நின்றுகொண்டார். உம்மு சல்மா தொழுகை விரிப்பைப் போட்டுவிட்டு, அடுப்படியைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"ருக்சார், கை கால் கழுவி ஒளு செஞ்சுட்டியா? அத்தா காத்துக்கிட்டிருக்காங்க."

ருக்சார் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே அடுப்படி வாசலில் வந்து நின்றாள். காது மடல் சிவந்திருந்தது.

"நீங்க தொழுங்கம்மா" என்றாள். "எனக்கு இன்னைக்குத் தொழுகை இல்லை."

உம்மு சல்மா அவளைப் பார்த்தாள். ஓடிப்போய்க் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது, மைனிக்கு ஃபோன் போட வேண்டும் போலவும் இருந்தது. இதோடு எல்லாம் முடிந்துவிடாது, இன்னும் நாளாகும் என்று தாரகா பலமுறை சொன்னது நினைவில் இருந்தது. "சரிம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு விரிப்பில் நின்றாள். கடைசி சுஜூதில் நெற்றியை வைத்தவள், நசீர் எழுந்த பிறகும் எழவில்லை. அழுதாள். வாய் திறக்காமல், சத்தம் வராமல், ஆசை தீர அழுதாள்.

தொழுது முடித்து வந்தபோது மேசையில் மூன்று தட்டுகள் இருந்தன. மூன்றிலும் ருக்சாரே சோறு போட்டிருந்தாள்.

"உக்காருங்கம்மா, ஆணம் ஆறுது" என்றாள்.

நசீர் பூனைப் பட்டைக் கதையை நான்காவது விதமாக ஆரம்பித்தார். உம்மு சல்மா உட்கார்ந்து சாப்பிட்டாள். மறுநாள் கடையில் நல்ல கூட்டம். பை பையாகத் துணியை மடித்துக் கொடுத்தாள், விலையைப் பேசினாள், சில்லறையை எண்ணினாள். அவள் வாழ்க்கையில் அவ்வளவு பெரிய செய்தி அதற்குமுன் வந்ததில்லை. அதை மட்டும் அவள் யாரிடமும் சொல்லவில்லை.